மூன்றாவது வெளிச்சவீடு

முத்தம்மாளின் மகன் ஒரு கடலோர வெளிச்சவீட்டு வேலையில் காய்ச்சல் கண்டு இறந்ததாகக் கடிதம் வந்தது. தேயிலைக் கொழுந்து மிகுந்த மாதம். அவளும் புருஷனும் போய்விட்டால் ஆள் குறையும் என்று, தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான நான் ஊர்ப்பெயரை விட்டுவிட்டு, “மகன் வெளிச்சவீட்டு வேலையில் நலம்” என்று எழுத்தறியாத அவர்களுக்கு மாற்றி வாசித்தேன்.

மறு வருஷம் பந்தாரவளை ரயிலில், எனக்குப் பின்னிருக்கையில் அவர்கள் குரல்.

“கொழும்புலயும் இல்ல, காலியிலயும் இல்ல. இன்னும் எத்தன வெளிச்சவீடு?”

“தேவேந்திரமுனையில ஒண்ணு இருக்காம். அடுத்த வருஷம் போவோம்.”

“கடலப் பார்த்ததும் பெத்தவங்கள மறந்துட்டானா?”

“மறந்தா மறக்கட்டும். நல்லா இருக்கான்னு ஐயாதானே வாசிச்சாரு.”

அவன் இறந்தது தேவேந்திரமுனையில்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர்கள் குடியிருந்த லயத்து அறைக்குப் போய்க் கடிதத்தை உள்ளபடி வாசித்தேன். முத்தம்மாள் அழவில்லை.

“இப்பவாவது லீவு குடுப்பீங்களாங்க?” என்று கேட்டாள்.