செலூக்கஸைக் கொன்ற விருந்தாளி

இல்லையடி யோகா, ஒரு தலைவிப் பதவி போனதுக்கு நான் அழேல்ல. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு. கிரவீனில என்ர வீடு வாறவரைக்கும் நான் செலூக்கஸைப் பற்றிக் கதைக்கப்போறன், நீ சும்மா கேளு.

ஓம், என்ர கட்டுரையில வாற அதே கிரேக்க ராசாதான். அலெக்சாந்தருக்குப் பிறகு அரைவாசி உலகத்தைக் கட்டியாண்ட கிழவன். எகிப்து ராசான்ர மூத்த மகன் கெரௌனஸ், அரியணை தம்பிக்குப் போனதால வீட்டை விட்டு வெளிக்கிட்டவன். கிழவன் பாவமெண்டு சேர்த்து வச்சிருந்தார். ஒருநாள் அவன் பின்னால நிண்டு குத்திப்போட்டான்.

கோவத்திலயோ? அப்பிடித்தான் வகுப்பிலயும் சொன்னவை. எகிப்தை வாங்கித் தாறன் எண்டுபோட்டுக் கிழவன் தரேல்லையாம். விசர்க்கதை. மசிடோனியாவில அப்பத்தான் ராசா சண்டையில செத்து, கதிரை காலி. கிழவன் போய் அதில இருக்கமுதல் கெரௌனஸ் இருக்கவேணும். அது அரசியல்.

ஓம், தேஜஸ்வினியைத்தான் சொல்லுறன், வேற ஆரை? மெல்பேர்னில தமிழ்ச் சங்கத் தலைவி ஆக்கேல்லை எண்டு கோவிச்சு இங்க சிட்னிக்கு வந்தவளுக்கு என்ர அறையில பாதி குடுத்தனான். எங்கட யூனிவர்சிற்றித் தமிழ்ச் சங்கத்தில எப்பவாவது போட்டி நடந்ததே? முதலே ஃபோனில கதைச்சு ஒரு பேரை முடிவு செய்வம். கூட்டத்தில ஒராள் முன்மொழிய, இன்னொராள் வழிமொழிய, கைதட்டோட சரி. இந்த வருசம் அந்தப் பேர் நான். நான் காரில இருந்து சாப்பாட்டுத் தட்டு எடுக்கப் போன நேரம் பாத்து அவளின்ர பேரைச் சொல்லிக் கைதட்டி முடிச்சிட்டினம்.

உண்மையாச் சொல்லுறன், அவளில எனக்குப் பெரிய கோவமில்லை. கெரௌனஸ் குத்திப்போட்டு, தலையில ராசமுடியைக் கட்டிக்கொண்டு நேர படைக்கு முன்னால போனவன். நேற்றுவரைக்கும் கிழவன்ர சோத்தைத் திண்டவங்கள், இவனை ராசா எண்டு கும்பிட்டாங்கள். ஆரோ ஒருத்தர் முதலே சரியெண்டு சொல்லாமல் அவனுக்கு அந்தத் துணிவு வருமே? இதைத்தான் கட்டுரையில எழுதினனான். ஆதாரம் எங்க எண்டு ரியூட்டர் சிவப்பில கேட்டு வச்சிருந்தார்.

சரி, இதில நிப்பாட்டு. நடந்து போறன். பின் சீற்றில கிடக்கிற ரோல்ஸ் தட்டு உன்ர அம்மான்ர, மறந்திடாத. நீ அவளின்ர பேரை வழிமொழியேக்க, அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு கதவுக்கு வெளியில நிண்டனான்.