கடுதாசியில் ஒரு ஓட்டை

மருதாத்தாள்: அதெல்லாம் செரிங்க சாமி. கல்பாத்தியிலிருந்து பஸ் ஏறிக் கொழிஞ்சாம்பாறை வந்தீங்க, மோரும் குடிச்சாச்சு. எங்கூட்டுக்காரரு எழுதுன பட்டாளத்துக் கதையைத் திருத்தறேங்கறீங்களே... நீங்க யாருங்க?

ராமபத்ரன்: சொன்னேனே அம்மா. பேரு ராமபத்ரன். புஸ்தகம் எழுதறவாளுக்கு எழுத்தைச் சீர்பண்ணிக் கொடுக்கறது தொழில்.

நஞ்சப்பன்: ஏம்புள்ள, போலீசாட்டக் கேக்கற?

மருதாத்தாள்: மாடு வாங்குனாப் பல்லைப் புடிச்சுப் பாக்கறதில்லீங்களா? மூணு வருஷம் உக்காந்து எழுதுனதை, முன்னப்பின்ன தெரியாதவிய கையில குடுக்கறதா? எந்த ஆபீசுங்க சாமி?

ராமபத்ரன்: ஆபீசெல்லாம் இல்லை. ஆத்துலேயே உக்காந்துண்டு...

மருதாத்தாள்: ஆபீசே இல்லீங்களா!

ராமபத்ரன்: முன்னாடி இருந்தது. கோயமுத்தூர்ல ஒரு அச்சாபீஸ்ல ஆறு வருஷம் புரூப் பார்த்தேன். பஞ்சாங்கம், பள்ளிக்கூடப் பாடம், கல்யாணப் பத்திரிகை...

மருதாத்தாள்: அதுக்கு முன்னாடி?

ராமபத்ரன்: அதுக்கு முன்னாடி... கவர்மெண்ட் உத்யோகம்.

நஞ்சப்பன்: கவர்மெண்டாமா! போதுமில்ல?

மருதாத்தாள்: நீங்க சும்மாருங்க. என்ன உத்யோகமுங்க?

ராமபத்ரன்: வாசிக்கறது.

மருதாத்தாள்: வாசிக்கறதுக்குச் சம்பளமா?

ராமபத்ரன்: வாசிச்சு... வேண்டாததை எடுத்துடறது. யுத்த காலம் பாருங்கோ. பட்டாளத்துக்காரா ஆத்துக்கு எழுதற கடுதாசியெல்லாம் எங்க மேஜைக்கு வந்துட்டுத்தான்...

மருதாத்தாள்: நில்லுங்க. நில்லுங்க சாமி. பிளேடு வெச்சு அறுக்கற ஆபீசுங்களா?

ராமபத்ரன்: ...ஆமாம்.

மருதாத்தாள்: ஏனுங்க, எம்பொட்டிச் சாவி எங்க?

நஞ்சப்பன்: இப்ப எதுக்குப் புள்ள அது...

மருதாத்தாள்: நாப்பத்துமூணுல பர்மாவிலிருந்து நீங்க போட்ட கடுதாசி! நடுவால சன்னலாட்ட ஓட்டை. அதுல என்ன இருந்துதுன்னு பன்னண்டு வருஷமாக் கேக்கறேன், தீவாளிக்குத் தீவாளி ஒவ்வொண்ணு சொல்லறீங்க. சாமி, எந்திரிச்சுப் போயிராதீங்க. இதோ வந்துட்டேன்.

நஞ்சப்பன்: போயிட்டா... சாமி, உங்களுக்கு ஞாபகமிருக்காதுங்கல்ல? ஆயிரம் கடுதாசி படிச்சிருப்பீங்க...

ராமபத்ரன்: ஆயிரமா? எண்ணவே முடியாது. ஆனா நீங்க தபால்ல அனுப்பின பத்துப் பக்கத்தைப் பிரிச்ச உடனேயே தெரிஞ்சுடுத்து. இப்படிப் படுத்துண்டே போற கையெழுத்தை வேற எங்கே பார்க்கப்போறேன்?

நஞ்சப்பன்: அப்ப... அந்த வரியும்...?

ராமபத்ரன்: "குண்டு விழற சத்தம் கேட்டா, நீ மூட்டை கட்டிக்குடுத்த பழைய சீலையைத் தலையோட போத்திக்கிட்டு அழுகறேன் மருதா."

நஞ்சப்பன்: மெதுவாச் சொல்லுங்க சாமி!

ராமபத்ரன்: தைரியம் போயிடுத்துன்னு தெரியற வரியை எடுத்துடணும்னு உத்தரவு. எடுத்துட்டேன். அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை, கேட்டேளா.

நஞ்சப்பன்: பொஸ்தகத்துல நான் எழுதியிருக்கறதைப் பாத்தீங்கல்ல?

ராமபத்ரன்: "குண்டுமழையில் சிங்கம்போல் நின்றேன்." பத்துப் பக்கத்துல மூணு இடத்துல நின்னிருக்கேள்.

நஞ்சப்பன்: சந்தைக்குப் போனா, பட்டாளத்தாரு வாராருன்னு வழி விடறாங்க சாமி. மருதாவும் அப்படித்தான் நெனச்சிட்டிருக்கறா. கையெடுத்துக் கும்பிடறனுங்க, அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க...

ராமபத்ரன்: பயப்படாதேங்கோ. வரா, வரா.

மருதாத்தாள்: இந்தாங்க. பாருங்க. இது உங்க வேலைதானுங்களா?

ராமபத்ரன்: ...என் பிளேடுதான். ஓரம் கோணவே இல்லை பாருங்கோ.

மருதாத்தாள்: அதுல பெருமை வேறயா! என்னங்க இருந்துது?

ராமபத்ரன்: அது வந்து... ஒரு ஊர் பேரு. பட்டாள ரகசியம்.

மருதாத்தாள்: ரெண்டு வரி நீளத்துக்கு ஊருப் பேருங்களா?

நஞ்சப்பன்: பர்மாவுல ஊருப் பேரெல்லாம் நீளமாத்தான் இருக்கும் புள்ள.

மருதாத்தாள்: போன தீவாளிக்கு, டாங்கியைக் கவுத்துனதை எழுதியிருந்தேன்னீங்க?

நஞ்சப்பன்: அது... டாங்கி கவுந்த ஊரு.

ராமபத்ரன்: ஆமாம் ஆமாம். அந்த ஊர்தான்.

மருதாத்தாள்: ரெண்டு பேருக்கும் பொய்யி ஒழுங்கா வரலீங்க. ஆனாலும் இவரைக் காட்டிக்குடுக்கலை பாருங்க, அதுக்காகவே வேலை உங்களுக்குத்தான் சாமி. இவரு எழுதுன காயிதக் கட்டை எடுத்துட்டுப் போங்க. ஒண்ணே ஒண்ணு. ஐப்பசியில இடி இடிச்சா, இன்னைக்கும் இவரு எஞ்சீலையைத்தானுங்க தேடி எடுத்துத் தலையோட போத்திக்கறாரு. நான் முதுகைத் தட்டிக்குடுத்தாத்தான் அடங்குவாரு. அறுத்த எடத்துல என்ன இருந்துதுன்னு எனக்கா தெரியாது? இவரு வாயால ஒருக்காச் சொல்லட்டும்னுதான் பன்னண்டு வருஷமாக் கேட்டேன். பொஸ்தகத்தை நானும் படிச்சேனுங்க, அந்த மூணு சிங்கத்தையும் அறுத்துப்போட்டு, எஞ்சீலையை அங்க போடுங்க.