சார்ஜன்ட் செபமாலையை மோதிய லொறி

தலைமை தாங்கும் பங்குத்தந்தை அவர்களே, போக்குவரத்துப் பிரிவின் பொறுப்பதிகாரி அவர்களே, கணவனை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் முன்னே அமர்ந்திருக்கும் திருமதி ஆன்சலா செபமாலை அவர்களே, வவுனியாவின் வான், லொறி, பஸ் சாரதிகளே, தாய்மாரே, பெரியோரே!

வான் சாரதிகள் சங்கத் தலைவர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்தீர்கள். எல்லோரும் கண்ணீரோடு வந்திருக்கிறீர்கள். என்னை மன்னியுங்கள். நான் கோபத்தோடு வந்திருக்கிறேன்.

யார் இந்தச் சார்ஜன்ட் செபமாலை? கொக்கிளாயில் வலை இழுத்த குடும்பத்தில் பிறந்தவர். ஊரை இழந்து வந்து, காக்கி உடுத்து, ஆலடிச் சந்தியில் வெயிலிலும் புழுதியிலும் நின்றவர். எந்த வாகனத்தை மறித்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "இன்சூரன்ஸ் இருக்கோ?"

எங்களுக்கு எரிச்சல் வரும். ஒருநாள் எங்கள் வான் சாரதி கொலின்ஸ் கேட்டேவிட்டார். "சேர், ஷெல் விழுற ஊரில ஆருக்கு இன்சூரன்ஸ்?"

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. "ஷெல்லுக்கு என்னால ஒண்டும் செய்யேலாது, தம்பி. ரோட்டில அடிபடுறவனுக்குச் செய்யலாம். அதைத்தான் செய்யிறன்" என்றார்.

சொந்தபந்தம் பார்த்தாரா? ஆன்சலா அம்மாவின் தம்பி ஸ்ரீபன் வானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தபோது அவரையும் மறித்தார். "அத்தான், அடுத்த கிழமை கட்டுறன். இண்டைக்கு விடுங்கோ" என்று ஸ்ரீபன் கெஞ்சினார். "அப்ப அடுத்த கிழமை ஓடு. இப்ப இறங்கு!" அன்று அந்த வான் சந்தியிலேயே நின்றது. ஸ்ரீபன் காப்புறுதி எடுத்த பிறகுதான் அது நகர்ந்தது.

அதே வான்தான் சில நாட்களில் மரக்கறிக் கூடையோடு தெருவைக் கடந்த வட்டக்கச்சி வடிவம்மாவைத் தட்டியது. அவரின் ஒரு காலை வெட்டி எடுக்கவேண்டி வந்தது. ஆனால் வாகனத்துக்குக் காப்புறுதி இருந்தது, இழப்பீடு கிடைத்தது, வடிவம்மா இன்று அதே சந்தியில் கடை வைத்திருக்கிறார். அதோ இருக்கிறார். காலையில் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "என்ர கால் போச்சுது தம்பி, ஆனா என்ர அடுப்பு அணையேல்லை. அந்த மனுசன் மறிச்சபடியால்தான்."

அப்படிப்பட்ட மனிதரைக் கொன்ற லொறிக்குக் காப்புறுதி இருந்ததா? இல்லை! ஊரார் குடும்பமெல்லாம் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று தொண்டை கிழியக் கத்தியவரின் மனைவிக்கு இன்று எந்த இன்சூரன்ஸ் கொம்பனியும் பதில் சொல்லாது. இதைவிட அநியாயம் உண்டா?

அது அரிசி ஆலை முதலாளி கனகலிங்கம் அவர்களின் லொறி. சார்ஜன்ட் அதை முன்பும் மறித்து, காப்புறுதி இல்லையென்று வழக்குப் போட்டிருந்தார். அப்போது முதலாளியே சந்திக்கு வந்து, "என்ர லொறியை மறிக்க நீ ஆர்?" என்று கேட்டதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அதன்பிறகு ஒரு மத்தியானம், நெல் மூட்டைகளோடு அதே லொறி வந்தது. சார்ஜன்ட் கையைக் காட்டினார். லொறி நிற்கவில்லை. வேகத்தைக் கூட்டியது! அவரை அடித்துத் தள்ளிவிட்டு ஆலைப் பக்கம் ஓடியது.

பிரேக் பிடிக்கவில்லையாம். ஓட்டியவர் ஆலையில் மூட்டை தூக்கும் ராசுவாம். ராசு சட்டத்தரணியோடு போய்ச் சரணடைந்துவிட்டார். இப்போது விளக்கமறியலில், சிறைக்குள் இருக்கிறார்.

நேற்று ராசுவின் மனைவி சிவனேஸ்வரி எங்கள் சங்கத்துக்கு ஓடிவந்தார். "நடராசா அண்ணை, அவருக்குச் சைக்கிளைத் தவிர ஒண்டும் ஓடத் தெரியாது. ஆலைக் காணியிலதான் இருக்கிறம். முதலாளி வெளிக்கிடச் சொன்னா, பிள்ளையளோட எங்க போறது?" என்று அழுதார். அந்தத் தாயை நான் குறை சொல்லமாட்டேன். ராசுவையும் சொல்லமாட்டேன்.

ஆனால் நான் பார்த்தேன்! எங்கள் வான் தரிப்பிடம் சந்திக்கு நேர் எதிரே. சுக்கான் பிடித்திருந்தது முதலாளியின் மகன் ரஜிதன். பக்கத்துக் கதிரையில்கூட ராசு இருக்கவில்லை. பிரேக் பிடிக்காத லொறி அவ்வளவு ஒழுங்காக வளைந்து ஆலைக்குள் போய் நின்றது எப்படி?

கனகலிங்கம் முதலாளி அவர்களே! வெள்ளை வேட்டியோடு முன்வரிசையில் வந்து இருக்கிறீர்கள். துணிச்சல்தான். நீங்கள் அனுப்பிய மலர்வளையத்தை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னது ஆன்சலா அம்மா. தூக்கிப்போய் வைத்தது நான். அவா என்னிடம் கேட்டது அனுதாபம் அல்ல. "அண்ணை, அவரை அடிச்சவன் இந்த ரோட்டில திரும்ப வாகனம் ஓடக்கூடாது" என்றுதான் கேட்டா.

அம்மா, ஓடமாட்டான்! சங்கத்தின் பெயரால் சொல்கிறேன். இன்றிலிருந்து இந்த ஆலையின் நெல்லை எங்கள் சாரதி எவரும் ஏற்றமாட்டார். சிவனேஸ்வரியும் பிள்ளைகளும் எங்கள் சங்கக் கட்டடத்தில் இருப்பார்கள். ஆகவே, ராசு இனிப் பயப்படாமல் உண்மையைச் சொல்லலாம். காப்புறுதி இல்லாத வாகனம் எங்கள் தரிப்பிடத்தில் நிற்காது. அதைச் சார்ஜன்ட் கேட்ட மாதிரியே நாங்கள் கேட்போம். வியாழக்கிழமை நீதவான் முன் நான் சாட்சி சொல்வேன். முதலாளி, சாட்சி சொன்னால் என் வான் எரியும் என்று ஆள் அனுப்பினீர்கள். எரியட்டும்! நடந்துபோய்ச் சொல்வேன்.

அன்று சந்தியில் நின்றவர்களே, லொறிக்குள் யார் இருந்தது என்று கண்ணால் கண்டவர்களே, எழும்புங்கோ! கொலின்ஸ், எழும்பும். ஸ்ரீபன், நீரும். வடிவம்மா, நீங்கள் இருந்தபடியே கையை உயர்த்துங்கோ, போதும்.

முதலாளி அவர்களே, தலையைக் குனியாதீர்கள். திரும்பிப் பாருங்கள். எழுந்து நிற்கும் இந்த முகங்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை நீதிமன்றத்தில் உங்கள் மகனும் பார்க்கத்தான் போகிறார்.