வலப்பக்கத்துப் பொட்டலம்

அரசு: ...போதும் மாமா, நிறுத்துங்க. மூக்கு எரியுது. கற்பூரம் இல்லன்னா சும்மா இருக்க வேண்டியதுதானே? ரப்பர் கட்டிப்பாலையா கொளுத்துவாங்க சாமிக்கு?

மாயாண்டி: வேற என்னத்தக் கொளுத்தச் சொல்றே? சப்பான்காரன் வந்ததுலேருந்து கற்பூரத்தைக் கண்ணால பாத்தியா நீ?

அரசு: அதில்ல... இந்த ரப்பர் நாத்தத்துல ஆத்தா எந்திரிச்சு ஓடிட்டான்னா, மத்தியானம் பூ யாரு சொல்றது?

மாயாண்டி: அவ ஓட மாட்டா. வெள்ளக்காரத் தொரைதான் ஓடுனான், காருல ஏறி.

அரசு: இவளுக்குக் கார் இல்ல. அதான்.

மாயாண்டி: திருநாவுக்கரசுன்னு உங்கப்பன் தேடிப் பிடிச்சு சாமிப் பேரா வச்சான் பாரு... அவனைச் சொல்லணும்.

அரசு: அவரு அந்தப் பேரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே போய்ச் சேந்துட்டாரு. நான்தான் இங்க கெடந்து பூசாரிகிட்ட பேச்சு வாங்குறேன்.

மாயாண்டி: வாங்காதே, போ. யாரு கூப்பிட்டா உன்னை? பூப் பாக்க இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்கு. உச்சிக்குத்தானே லோரி வருது.

அரசு: ...சும்மாதான் வந்தேன்.

மாயாண்டி: சும்மா கோயிலுக்கு வர்ற ஆளா நீ? பறை அடிச்சுக் கூப்பிட்டாலும் வாசல்ல நின்னு பீடி குடிக்கறவன்.

அரசு: பூப் பறிச்சாச்சா?

மாயாண்டி: ஆச்சு. ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை. ரெண்டையும் தனித்தனியா இலையில மடிச்சு அவ காலடியில வச்சிருவேன். ஆபீசுல கணக்கு எழுதற கிராணி வாசிக்கற முதல் பேருக்கு வலப்பக்கத்துப் பொட்டலம், ரெண்டாவது பேருக்கு இடப்பக்கத்துப் பொட்டலம். செவப்பு வந்தவன் சயாமுக்கு ரயில் ரோட்டு வேலைக்கு. வெள்ளை வந்தவன் வீட்டுக்கு. தெரியாத மாதிரி கேக்குறியே.

அரசு: அடேயப்பா! சப்பான்காரனுக்கு ஆள் புடிச்சுக் குடுக்கற மண்டோர் வேலையும் இப்ப ஆத்தாளே பாக்குறா. அரிசி கூடக் கெடைக்குதா அதுக்கு?

மாயாண்டி: நாக்கை அடக்குடா. இந்த முறை நானா கொண்டாந்தேன்? லயத்து வீட்டுக்காரங்க எல்லாரும் வந்து காலைப் புடிச்சீங்க. கிராணி ராமசாமி பேர் எழுதுனா, கோழி குடுத்தவன் பேரு விட்டுப்போவுது. மண்டோர் சொன்னா அவன் பங்காளி பேரு விட்டுப்போவுது. ஆத்தா சொன்னாத்தான் யாரும் வாயைத் தொறக்க மாட்டோம்னு நீங்கதானே சொன்னீங்க?

அரசு: அதத்தான் நானும் சொல்றேன். நம்ம வாயை அடைக்கத்தான் இந்தச் சாமி.

மாயாண்டி: வேற என்ன பண்ணச் சொல்றே? ஆள் வரலன்னா, சப்பான்காரன் துப்பாக்கியோட லயத்துக்குள்ள பூந்து மூணு பேரை இழுத்துட்டுப் போவான். மரவள்ளித் தோட்டத்து லயத்துல அப்படித்தானே பண்ணுனான்?

அரசு: பண்ணுனான். அவன் நேராச் சொன்னான், வாடா போடான்னு. நீங்க பூ வச்சு, மணி அடிச்சு, திருநீறு பூசி லோரியில ஏத்துறீங்க. அவ்வளவுதான் வித்தியாசம். என்ன, கோவமா?

மாயாண்டி: ஏத்துனதுல என் மகனும் ஒருத்தன். அதை மறந்துட்டுப் பேசுறியா, நெனச்சுக்கிட்டுப் பேசுறியா?

அரசு: ...நெனச்சுக்கிட்டுத்தான்.

மாயாண்டி: இராஜமாணிக்கம் போயி எட்டு மாசம் ஆச்சு. ஒரு நாள் நான் அவளைத் திட்டியிருக்கேனா?

அரசு: திட்டியிருக்கணும். சயாம்லேருந்து கோலா பிலா டவுனுக்குத் திரும்பி வந்தான் பாருங்க ஒருத்தன், கால் முழுக்கப் புண்ணோட. என்ன சொன்னான்? காலராவுல கூடாரம் கூடாரமாச் சனம் போச்சுன்னான். அம்மை நோய்க்குத்தான் ஆத்தா பொறுப்பு போல, காலரா வேற டிப்பார்ட்மென்ட்.

மாயாண்டி: அவன் என் மகனைப் பாத்தேன்னு சொன்னானா?

அரசு: இல்ல.

மாயாண்டி: செத்தான்னு சொன்னானா?

அரசு: அதுவும் இல்ல.

மாயாண்டி: அப்புறம் என்ன? ரெம்பாவுல என் தங்கச்சி கருமாதி பண்ணிருன்னு ஆள் மேல ஆள் விடுறா. நான் பண்ணல. அவன் போனது அவ சொல்லி. திரும்பி வர்றதும் அவ பொறுப்பு.

அரசு: வருவான்னு என்ன சாட்சி?

மாயாண்டி: உனக்கு எதைக் காட்டணும்?

அரசு: ஒரு கடிதாசி. இராஜமாணிக்கம் தன் கையால எழுதுனது. நல்லா இருக்கேன் அப்பான்னு ஒரே ஒரு வரி.

மாயாண்டி: அவன் கைநாட்டுடா.

அரசு: ...அட ஆமா.

மாயாண்டி: சிரிக்காதே.

அரசு: நீங்கதான் மாமா சிரிக்கிறீங்க.

மாயாண்டி: ...நகரு, கூட்டணும். வந்த விசயத்தைச் சொல்லு, இல்லன்னா எடத்தைக் காலி பண்ணு.

அரசு: ஒரு காரியம் ஆகணும்.

மாயாண்டி: ஆகா! சாமியில்லாதவனுக்குக் கோயில்ல காரியமா? சொல்லு, சொல்லு.

அரசு: இன்னிக்கு ரெண்டு பேருதானே. முதல் பேரு முருகையா, ரெண்டாவது நான்.

மாயாண்டி: ஆமா. கீழ்லயத்துல காய்ச்சல் இல்லாம நிக்கற ஆம்பளைங்க நீங்க ரெண்டு பேருதான்.

அரசு: செவப்பை இடப்பக்கம் வச்சிருங்க.

மாயாண்டி: ...எந்தப் பக்கம்?

அரசு: இடப்பக்கம். என் பேருக்கு.

மாயாண்டி: கள்ளு குடிச்சியா?

அரசு: கள்ளு எங்க இருக்கு இந்தக் காலத்துல? தெளிவாத்தான் சொல்றேன். முருகையாவுக்கு ரெண்டு புள்ளைங்க. அவன் பொண்டாட்டி லெட்சுமிக்கு இது ஒம்பதாவது மாசம். அவன் போனா அந்த வீட்டுல கெழங்கு புடுங்கக்கூட ஆள் இல்ல. எனக்கு என்ன, நானும் நீலாவதியும்தான்.

மாயாண்டி: சரி, போயேன். போகணும்னா நேரா ஆபீசுக்குப் போயி ராமசாமிகிட்ட, நான் போறேன், முருகையாவை விட்ருங்கன்னு சொல்லு. முடிஞ்சுது. பூ எதுக்கு?

அரசு: அப்படிச் சொல்ல முடியாது மாமா.

மாயாண்டி: ஏன் முடியாது?

அரசு: நானா போறேன்னு தெரிஞ்சா நீலாவதி கெணத்துல விழுந்துருவா. நான் என்ன உனக்கு வேண்டாதவளாயிட்டேனான்னு கேப்பா. அதுவே ஆத்தா சொல்லிட்டான்னு வைங்க... அழுவா, மொகத்துல அடிச்சுக்குவா, அப்புறம் கண்ணைத் தொடச்சுட்டு துணி மூட்டை கட்டிக் குடுப்பா. நான் வர்ற வரைக்கும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இங்க வந்து நிப்பா. உசுரோடவாவது இருப்பால்ல.

மாயாண்டி: அடடடடா! கேளுடி ஆத்தா, நல்லாக் கேட்டுக்க! இத்தனை வருசமா நீ கல்லு, கல்லுன்னு லயம் லயமாச் சொன்னவன், இப்ப பொண்டாட்டிகிட்டப் பொய் சொல்ல உன்னைத் தொணைக்குக் கூப்புடறான்!

அரசு: மெதுவாப் பேசுங்க...

மாயாண்டி: ஏன், வெக்கமா இருக்கா? இருக்கட்டும். நீ என்னை எத்தனை தடவை கேவலப்படுத்தியிருப்பே. மணியாட்டின்னே, உண்டியல் சாமின்னே. இன்னிக்கு உனக்கு அவ வேணும்.

அரசு: அவ வேணாம். அவ பேரு போதும்.

மாயாண்டி: ரெண்டும் ஒண்ணுதான். போடா, முடியாது.

அரசு: ஒரு உசுரைக் காப்பாத்தக் கேக்குறேன் மாமா. கண்ணை மூடிக் கலக்காம, தெரிஞ்சு ஒரு பொட்டலத்தை இந்தப் பக்கம் வைக்கணும். அவ்வளவுதானே?

மாயாண்டி: அவ்வளவுதானா! பெரிய தர்மவான். இந்தத் தர்மம் எட்டு மாசத்துக்கு முன்னால எங்க போயிருந்துச்சு? அன்னிக்கும் நீதானே ரெண்டாவது பேரு? முதல் பேரு என் மகன். அன்னிக்கு வந்து, மாமா, உங்களுக்கு ஒரே புள்ளை, நான் போறேன்னு சொல்லலியே?

அரசு: ...சொல்லல.

மாயாண்டி: ஏன் சொல்லல?

அரசு: பயம்.

மாயாண்டி: இன்னிக்குப் பயமில்லையா?

அரசு: இருக்கு. அத விடுங்க. வைப்பீங்களா, மாட்டீங்களா?

மாயாண்டி: மாட்டேன். ஒரு தடவை பண்ணுனது போதும்.

அரசு: ...என்ன சொன்னீங்க?

மாயாண்டி: ஒண்ணுமில்ல. அந்த வெளக்குமாத்த எடு.

அரசு: ஒரு தடவை பண்ணுனதுன்னு சொன்னீங்க மாமா.

மாயாண்டி: ஆமாடா, பண்ணுனேன்! என் மகனுக்காகப் பண்ணுனேன். திரையை இழுத்து விட்டுட்டு ரெண்டையும் மடிச்சு, கண்ணை மூடிக் கலக்கி வைக்கணும். நான் கண்ணை மூடல, கலக்கல. வெள்ளையைப் பாத்து வலப்பக்கம் வச்சேன். முப்பது வருசம் இந்தக் கையால அவளுக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன், அந்தக் கையாலயே திருடுனேன்.

அரசு: அப்ப இடப்பக்கம்...

மாயாண்டி: செவப்பு. உனக்கு. உன்னை அனுப்பத்தான் வச்சேன். அடிக்கணும்னா அடி.

அரசு: நான் எதுக்கு அடிக்கிறேன்.

மாயாண்டி: ஊரே நிக்குது. ராமசாமி பேரை வாசிக்கிறான். வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கிறேன்... செவப்பு. நான் வெள்ளை வச்ச எடத்துல செவப்புடா. இராஜமாணிக்கம் என் மொகத்தைப் பாக்குறான். நான் என்னத்தச் சொல்ல? சாட்சி, சாட்சின்னு கேட்டியே. இதை விடவா? வெறுங்கல்லா இருந்தா மாத்தத் தெரியுமா அதுக்கு? பூசாரியே திருடுறான்னு கண்டுபுடிச்சு, வச்ச பூவை மாத்திட்டா. அதுக்கு முன்னால எனக்கும் சந்தேகம்தான். உன்கிட்டச் சொன்னா நீ ஆடுவேன்னு சொல்லல. முப்பது வருசத்துல ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுனாளா, ஒரு வார்த்தை பேசுனாளான்னு நானும் ஏங்கியிருக்கேன். அன்னிக்குத்தான் பேசுனா.

அரசு: நல்லாப் பேசுனா போங்க. திருடுனது அப்பன், சயாமுக்குப் போறது மகனா? சப்பான்காரன்கூடத் திருடுனவனைத்தான் அடிப்பான்.

மாயாண்டி: அதைக் கேக்காதே.

அரசு: கேப்பேன். அப்படி ஒரு சாமி இருந்தா அதைக் கும்புடலாமா? காறித் துப்ப வேணாம்?

மாயாண்டி: கேக்காதேன்னு சொல்றேன்ல! இருக்கறாளே, அது போதும் எனக்கு. கெட்டவளோ நல்லவளோ, இருக்கா. இருந்தா கூப்புடலாம், கெஞ்சலாம், என் மகனைக் குடுன்னு கேக்கலாம். இல்லன்னா நான் யாருகிட்டப் போயி கேப்பேன்?

அரசு: ...அவ மாத்தல மாமா.

மாயாண்டி: ஆரம்பிச்சுட்டியா?

அரசு: அவ மாத்தல.

மாயாண்டி: உனக்கு என்னடா தெரியும்?

அரசு: நான்தான் மாத்துனேன்.

மாயாண்டி: ...

அரசு: அன்னிக்குக் காலையில பின்பக்கமா வந்தேன். அத்தாப்பு ஓலைத் தட்டியில ஓட்டை இருக்கு பாருங்க, அது வழியாப் பாத்தேன். நீங்க எந்தப் பூவை எங்க வச்சீங்கன்னு எல்லாம் பாத்துட்டேன். அப்புறம் முன்பக்கம் வந்து சனத்தோட நின்னேன். திரையைத் தொறந்தீங்க, தாம்பாளத்தை எடுக்கத் திரும்புனீங்க. நான் அவ காலுல நெடுஞ்சாண்கிடையா விழுந்தேன். சாமியில்லன்னு சொன்னவனே விழுந்துட்டான்னு சனமெல்லாம் கண்ணை மூடிக் கும்புட்டுச்சு. ஒருத்தரும் என் கையைப் பாக்கல. ரெண்டையும் எடம் மாத்திட்டு எந்திரிச்சேன். நியாயந்தானேன்னு நெனச்சேன். நீங்க திருடுனீங்க, நான் திருப்புனேன், சரிக்குச் சரி. அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் அவன் லோரியில ஏறி, என்னைப் பாத்து, அப்பாவைப் பாத்துக்கடான்னான். யாருகிட்டச் சொல்றான் பாருங்க... என்கிட்ட. அன்னிலேருந்து என் வாய் நிக்கல மாமா. சாமி இல்ல, இல்லன்னு நான் கத்துனதெல்லாம், நீங்க அவளைப் போட்டுக் கும்புடறதைப் பாக்க முடியாமத்தான். நான் பண்ணுனதுக்கு நீங்க அவளுக்கு வெளக்குப் போடுறீங்க. முருகையா, லெட்சுமி எல்லாம் சும்மா சொன்னேன். இல்ல, சும்மா இல்ல... அதுவும்தான். ஆனா நான் போகணும். அங்க போயி அவன் இருக்கானா, இல்லையான்னு பாக்கணும். பேசுங்க மாமா. திட்டுங்க. அந்த வெளக்குமாத்தாலயே நாலு வையுங்க.

மாயாண்டி: அன்னிக்குத் தாம்பாளத்தைப் புளி போட்டு வெளக்கி வச்சிருந்தேன்டா. கையில எடுத்தேன்... உன் கை பொட்டலத்தை மாத்தறது அதுல தெரிஞ்சுது. பாத்தேன். கத்தணும்னா என் திருட்டையும் சேத்துச் சொல்லணும். வாயை மூடிக்கிட்டேன். அவனை ஏத்தி விட்டுட்டு வீட்டுக்குப் போயி உக்காந்து யோசிச்சேன், அது உன் கையா, அவ கையான்னு. விடிய விடிய யோசிச்சேன். விடிஞ்சப்ப, அவ கைதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இனிமே பொட்டலத்தைத் தெரிஞ்சு எந்தப் பக்கமும் வைக்க மாட்டேன். போகணும்னா ராமசாமிகிட்ட உன் வாயால சொல்லிட்டுப் போ, நீலாவதி அழுதா அழட்டும், இதுல ஆத்தாளை இழுக்காதே. நல்லாக் கேட்டுக்க... அது உன் கைன்னு நான் நம்பியிருந்தா, அன்னிக்கே உன்னை வெட்டியிருப்பேன். இந்த எட்டு மாசம் நீ உசுரோட நின்னு அவ இல்லன்னு பேசுனே பாரு, அவ இருக்கான்னு நான் நம்புனதாலதான்டா பேசுனே.