பட்டு நிற்க வேண்டிய இடம்

மேடையில் அமர்ந்திருக்கும் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, இன்றைய நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்திருக்கும் மற்றக் குழுக்களின் நண்பர்களே, அண்ணனை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் கனத்த மனத்தோடு என் வணக்கம்.

இது நான் பாடுவதற்காகப் பிடித்துப் பழகிய மைக். இன்று பேசப் பிடித்திருக்கிறேன். குரல் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தடுமாறும் குரலைத் தாங்கிப் பிடித்த மனிதர் இன்று எனக்குப் பின்னால் நிற்கவில்லை.

யாருக்காகக் கூடியிருக்கிறோம்? பாட்டுக்கு அடிநாதம் தரும் பேஸ் கிட்டார்க் கலைஞர், எங்கள் குழுவின் மூத்தவர், நாங்கள் எல்லோரும் ‘பட்டு அண்ணன்’ என்று அழைத்த மனிதருக்காக. அது பெற்றோர் வைத்த பெயரல்ல. எங்கள் டிரம்ஸ்காரர் வைத்தது. சில பேஸ் கிட்டார்க் கம்பிகளின் இரு முனைகளிலும் வண்ணப் பட்டு நூல் சுற்றியிருக்கும். அதைத் தவிர வேறு கம்பியை அண்ணன் பூட்டமாட்டார். கடையில் இல்லையென்றால் வரும்வரை காத்திருப்பார்.

“கம்பிக்கெல்லாம் பட்டு எடுத்தாச்சு. எங்களுக்கு எப்பண்ணே?” என்பார் டிரம்ஸ்காரர்.

“நீ ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு, தாளத்துக்கு முன்னாடி ஓடாம வாசி. உனக்கும் எடுத்துத் தரேன்.”

அந்தப் பட்டு அவசியம்தானா? அதனால் நாதம் மாறுமா? இந்தச் சண்டையில் எத்தனை ஒத்திகைகள் கரைந்தன! ஒருநாள் டிரம்ஸ்காரர் அண்ணனைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, பட்டு உள்ள கம்பியையும் இல்லாத கம்பியையும் மாற்றி மாற்றித் தட்டினார். எது எது என்று கேட்டார். அண்ணன் தப்பாகச் சொன்னார். மறுபடியும் தப்பு. டிரம்ஸ்காரர் போட்ட ஆட்டம் இருக்கிறதே!

“காதுக்குத் தெரியலடா, ஒத்துக்கறேன்,” என்றார் அண்ணன். “முறுக்குற ஆணியில சுத்துற இடத்துல கம்பி பிரிஞ்சு போகாம அது பிடிச்சுக்கும். அவ்வளவுதான். சத்தம் வர்ற இடத்துல அதுக்கு வேலை இல்ல. அங்க அது வரவும் கூடாது.”

உண்மைதான். நீளம் பொருந்தாத கம்பியைப் பூட்டினால் கிட்டாரின் தலைப் பக்கத்துப் பட்டு, விரல் வைத்து வாசிக்கும் பலகைக்கு மேலே வந்து படுத்துவிடும். தட்டினால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். “பட்டு உள்ள வந்துடுச்சு” என்பார் அண்ணன். அது எங்கள் குழுவின் பேச்சாகவே ஆகிவிட்டது. பாட்டு சோர்ந்தால், பட்டு உள்ள வந்துடுச்சு. யாராவது வீட்டுச் சண்டையை ஒத்திகைக்குத் தூக்கிவந்தால், பட்டு உள்ள வந்துடுச்சு.

என் அப்பா இறந்தபின் நான் பாட வந்த முதல் நாள், குரல் எழும்பவே இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் அருகில் வந்தார். “உள்ள வந்துடுச்சாம்மா? பரவாயில்ல. மெதுவா தள்ளி வை. பிச்சு எறிஞ்சுடாத.”

அப்படிப்பட்ட மனிதரின் விரல்கள் நோயால் மரத்துப்போகத் தொடங்கின. ஓர் ஒத்திகை முடிந்ததும் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினார். “தங்கச்சி, இந்தத் தடவ உள்ள வந்த பட்டு நான்தாம்மா,” என்றார் என்னிடம். “நல்லா வாசிக்கிற பொண்ணு ஒருத்தி இருக்கா. கூப்பிடுங்க.”

டிரம்ஸ்காரர் கேட்டாரா? “அந்த இடத்துல வேற ஆள் நின்னா நான் குச்சியத் தொடமாட்டேன்!” அண்ணன் போகும்வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது. அடித்தளம் இல்லாமல் பாடினோம். அழைப்புகள் குறைந்தன. பார்க்கப் போகும்போதெல்லாம் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: “கூப்பிட்டீங்களா?” அவர் போன அன்று, குழுவும் அவரோடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

நேற்று, இந்த மேடையில் வைப்பதற்காக அண்ணனின் கிட்டாருக்குப் புதுக் கம்பி பூட்டினார் டிரம்ஸ்காரர். ஆயுள் முழுக்கக் கேலி செய்த அதே பட்டுக் கம்பி! அளவு பார்க்கத் தெரியாமல் குட்டையானதை வாங்கியிருந்தார். அண்ணி வந்து தட்டிப் பார்த்தார். மொத்தென்று ஒரு சத்தம்.

“என்னப்பா இது, பட்டு உள்ள வந்து கெடக்கு. அவர் இருந்தா கத்தித் தீர்த்திருப்பாரு.”

“வந்து கத்தட்டும் அண்ணி,” என்றார் டிரம்ஸ்காரர். “ஒரே ஒரு தடவ வந்து கத்தட்டும்.”

கிட்டார்மேல் தலையைச் சாய்த்து அழுதார். அழுது முடிக்கும்வரை அண்ணி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “கழட்டு. போய் மாத்திட்டு வா. அப்படியே அந்தப் பொண்ணையும் கூப்பிட்டுட்டு வா,” என்றார்.

சரியான கம்பியைப் பூட்டிவிட்டார். அவளையும் கூப்பிட்டுவிட்டார், நண்பர்களே! குச்சியைத் தொடமாட்டேன் என்றவரே போய்க் கூப்பிட்டுவிட்டார்!

பட்டு அண்ணா, உங்கள் குழு கலையாது. நீங்கள் நின்ற இடம் இனிக் காலியாக இருக்காது. இந்தத் துக்கத்தை நாங்கள் பிய்த்து எறியமாட்டோம். பாட்டின்மேல் படுக்கவும் விடமாட்டோம். முனையில் இருக்கட்டும், நாங்கள் பிரிந்துபோகாமல் எங்களைப் பிடித்துக்கொண்டு.

அண்ணன் கூப்பிடச் சொன்ன தங்கச்சி, கடைசி வரிசையிலிருந்து மேலே வாம்மா. கிட்டாரை எடு. அடிக்கம்பியை ஒருமுறை தட்டு. எல்லோரும் எழுந்து நிற்போம். அந்தச் சத்தம் தானாக அடங்கும்வரை யாரும் உட்கார வேண்டாம்.