சிவப்பு டப்பாவுக்கு வர வேண்டியது

கதவைச் சாத்தாத மாப்ள. காலை உள்ள வச்சுட்டேன். நசுக்கணும்னா நசுக்கு. முட்டி ஏற்கெனவே போயிருச்சு, பாதமும் போகட்டும்.

தூங்கிட்டிருந்தியா? சும்மா சொல்லாத. தூங்கி எந்திரிச்ச மூஞ்சியா இது. வழிய விடு. குப்பை விஷயமாத்தான் வந்திருக்கேன். வேற எதுக்கு நான் மாடி ஏறப்போறேன்.

இதுவா? சிவப்பு டப்பாதான். கீழ தொட்டி வரிசையில கடைசியா இருக்குமே, அதேதான். தீந்துபோன பேட்டரி, பியூஸ் போன பல்பு, ஒடஞ்ச தெர்மாமீட்டர். இந்த மாதிரி ஆபத்தான சாமானைக் குப்பை வண்டிக்காரன் மாசத்துக்கு ஒரு தடவைதான் எடுக்குறான், இன்னிக்கு அந்த நாள். ஏன் இதை மாடிக்குத் தூக்கிட்டு வந்தேன்னு சொல்றேன். முதல்ல உக்கார விடு. மூச்சு வாங்குது.

தண்ணியெல்லாம் வேண்டாம். சமையக்கட்டுப் பக்கம் போகாத. இங்கயே இரு, என் கண்ணு முன்னால.

பின்தெருவுல வண்டிச் சத்தம் கேக்குது பாரு. அது நம்ம தெருவுக்குள்ள திரும்புறதுக்குள்ள எனக்கு ஒரு பொருள் வேணும். உன் குப்பையில ஒண்ணு குறையுது.

ஆமா, கிளறினேன். வாரா வாரம் கிளறுறேன். உன் குப்பையையும் என் குப்பையையும் பிரிச்சு ரோட்டோரம் கொண்டு வைக்கிறது யாரு, நீயா? கலந்து வச்சா அவன் ஒரு சீட்டை ஒட்டிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிடுறான். அப்புறம் வாரம் பூரா நாறுறது யாரு வாசல்ல? கீழ் வீட்டுக்காரன் வாசல்ல.

என் தங்கச்சி இருந்தவரைக்கும் அந்தப் பாட்டை அவ பட்டா. காகிதம் போடுற நீலத் தொட்டியில நீ முட்டை ஓட்டைப் போடுவ. காய்த்தோல் போடுற பச்சைத் தொட்டியில எண்ணெய் பாட்டிலை மூடியோட போடுவ. அவ மாடிப்படியில நின்னு கத்துவா. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து கத்துனா, உனக்கு ஏறல. அவ போனப்புறம் அந்த வேலை என் தலையில விழுந்துச்சு. கடுப்புதான். ஆனா தப்பாப் போட்டாலும் ஏதோ போட்டுக்கிட்டிருந்த. வாழைப்பழத் தோல், ரொட்டி ஓரம், டீத்தூள்.

இந்த வாரம் பச்சைத் தொட்டி காஞ்சு கெடக்குது. ஒரு வெங்காயச் சருகு இல்ல.

வெளியில சாப்பிட்டியா? எந்த ஓட்டல்ல? எப்பப் போன? படி எறங்குனா என் வாசலைத் தாண்டித்தான போகணும். பொய் சொல்றதுன்னாலும் ஆள் பாத்துச் சொல்லு.

சரி, பச்சையை விடு. மத்ததெல்லாம் போடுற கருப்புத் தொட்டியில என்ன போட்டிருக்க? உன் நல்ல செருப்பு. அவ வாங்கிக் குடுத்தது, அடி கூடத் தேயல. சவரக் கத்தி. மூக்குக் கண்ணாடி, கூடோட. பழசா? நேத்து அதைப் போட்டுக்கிட்டுத்தான பேப்பர் படிச்ச. இனிமே எதை வச்சுப் படிக்கப்போற?

ம். எல்லாத்தையும் எடுத்து என் மேசை மேல வச்சிருக்கேன்.

இதைக்கூட விட்டிருப்பேன். மனசு சரியில்லாதவன் எதையாவது தூக்கிப் போடுவான். என்னைப் படி ஏற வச்சது நீலத் தொட்டி.

சுத்தமா இருந்துச்சு மாப்ள. பேப்பரை மடிச்சு, அடுக்கி, கயிறு போட்டுக் கட்டியிருக்க. பாட்டிலைக் கழுவி மூடியைத் தனியாக் கழட்டியிருக்க. அட்டைப் பெட்டியெல்லாம் ஒட்டுப் பிரிச்சுத் தட்டையாக்கியிருக்க. அவ்வளவு கத்தியும் மண்டையில ஏறாதது ஒரே ராத்திரியில எப்படி ஏறுச்சு? இனிமே எனக்கு வேலையே வைக்கக்கூடாதுன்னு பண்ண மாதிரி இருந்துச்சு.

எங்க எந்திரிக்கிற? உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல.

உன் மகளுக்குப் போன் போட்டுட்டேன். கெளம்பிட்டா, வந்துக்கிட்டிருக்கா. கோவிச்சுக்கிறதுன்னா கோவிச்சுக்க. அதுவரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு அசையறதா இல்ல.

தெருவுக்குள்ள வந்துருச்சு. பிரேக்கு சத்தம் கேக்குதா? கேளு, சொல்லி முடிச்சுடுறேன்.

நீ தட்டையாக்கிக் கட்டுன அட்டையில ஒண்ணு சின்னது. மேல எலிப் படம் போட்டிருக்கு. எச்சரிக்கைத் தாளையும் மடிச்சு அது கூடவே வச்சிருக்க. காகிதம் காகிதத்தோட, ரொம்ப ஒழுங்கு. உள்ள இருந்த பாக்கெட்டை மட்டும் காணோம். மூணு தொட்டியையும் தரையில கொட்டிப் பாத்துட்டேன்.

எலியா? நம்ம வீட்ல எலி கிடையாது மாப்ள. குப்பையிலயே குடியிருக்குறவன் நான். எனக்குத் தெரியாத எலி உனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு.

அப்புறமா அழு, நானும் கூட உக்காந்து அழறேன். எனக்கும் அவ ஒரே தங்கச்சிதான். இப்ப எங்க வச்சிருக்க, சொல்லு.

சட்டைப் பையிலயா. எடு. பிரிக்கலையே? திருப்பிக் காட்டு.

சரி. இது பச்சைக்கும் போகாது, நீலத்துக்கும் போகாது. இதுக்கு இந்த டப்பாதான். நான் வாங்க மாட்டேன். நீயே போடு.

போடு மாப்ள.

ம்.

போய்க் கையைக் கழுவு. கதவைத் தொறந்தே வச்சுக் கழுவு. வண்டிக்காரன் நம்ம வாசலுக்கு வந்துட்டான், இதைக் கொண்டு போய் அவன் கையில குடுக்கணும். நீயும் வா. எறங்கும்போது பிடிச்சுக்க எனக்கு ஒரு தோள் வேணும். அப்படியே என் வீட்டுல உக்காரு, டீ போடுறேன். உன் கண்ணாடியும் அங்கதான் இருக்கு.

அடுத்த வாரம் உன் தொட்டியில நான் பழத்தோலைப் பாக்கணும். பச்சையில போடாம நீலத்துலயே போட்டுத் தொலை, பரவாயில்ல. நான் பிரிச்சுக்கிறேன்.