கண்மாய்க்கரையில் கிடக்கும் நெல்லு

மேடை ஏறுனதுல இருந்து பறவையைப் பத்தியே பேசுறானே, கறியைப் பத்தி எப்பப் பேசுவான்னு பின்வரிசையில ரெண்டு பேர் முணுமுணுக்குறது காதுல விழுது. சரி... கறியைப் பத்தியே ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க.

ஒரு ஊர்ல முத்திருளாண்டின்னு ஒருத்தர். கண்மாயில தாராவும் நீர்க்கோழியும் வந்து இறங்குனா, நெல்லுல குருணை மருந்தைக் கலந்து கரையில தூவிட்டு வருவார். பயிருக்குப் போடுற பூச்சி மருந்துதான். தின்ன பறவை அங்கனயே சுருண்டு விழும். தலையையும் இறகையும் எடுத்துட்டா எப்படிச் செத்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? அவர்கிட்ட வாங்குற வியாபாரி மஞ்சளைத் தடவி, பண்ணை வாத்துன்னு சொல்லி பைபாஸ்ல வித்துருவான். ஊருக்கு இது தெரியாதா? தெரியும்... நமக்கு எதுக்கு வம்புன்னு இருந்துட்டாங்க.

அவர் மக வேணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா. பார்க்க வந்த மாப்பிள்ளை வெறுங்கையோட வரக்கூடாதுன்னு வழியில கறி வாங்கிட்டு வந்தார். குழம்பு கொதிச்சதும் முதல் தட்டு யாருக்கு? மாசமா இருக்குற பிள்ளைக்குத்தானே?

முத்திருளாண்டி வயல்ல இருந்து வந்து பார்த்தா, மக வாந்தி எடுத்துக் கிடக்குறா. வாயில எச்சில் வடியுது, கை கால் வெட்டி இழுக்குது. இந்த இழுப்பை அவர் கரையில எத்தனை தடவை பார்த்திருக்கார்!

"கறி எங்க வாங்குனீங்க மாப்ள?"

"பைபாஸ்ல, மாமா. பண்ணை வாத்துன்னாங்க."

சட்டியைத் தூக்கிக் கவுத்துட்டு, மகளை அள்ளிட்டு ஓடுனார். ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கேட்டாங்க, "என்ன விஷம்? சொன்னாத்தான் வைத்தியம் பார்க்க முடியும்."

முத்திருளாண்டி திரும்பிப் பார்த்தார். பக்கத்துல மாப்பிள்ளை நிக்கிறார். பின்னால ஊரே நிக்குது. அதுல பாதிப் பேருக்கு அந்த மருந்தோட பேரு தெரியும்... ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா? உள்ளே இருந்து வேணி, "அப்பா"ன்னு ஒரு சத்தம் போட்டா. அப்புறம்தான் அவர் சொன்னார்.

"குருணை மருந்தும்மா. நான்தான் வச்சேன்."

வேணி பிழைச்சா. வயித்துல இருந்த பிள்ளை பிழைக்கல.

ஏன் சொல்றேன்? குருணையை வச்சது ஒரு கை. ஆனா அதை நடக்க விட்டது ஊரோட வாய். பறவைக்கு அதிகாரி காவல் இல்லைய்யா, கண்ணால பார்த்ததைச் சொல்ற ஊர்தான் காவல். பறவைக்கு வச்ச விஷம் எந்த வீட்டு அடுப்புக்கு வரும்னு விஷத்துக்குத் தெரியாது.

இன்னொண்ணும் சொல்லணும், எனக்குப் பயமா இருக்கு. இப்ப மேடைக்கு வர்ற வழியில நம்ம கண்மாய்க்கரையைப் பார்த்தேன். அறுப்பே ஆரம்பிக்கல... கரையில நெல்லு சிதறிக் கிடக்கு.

நான் பேர் கேட்கல. கூட்டத்தை இதோட முடிக்கிறேன். யாரும் கையால தொடாதீங்க, துடைப்பமும் முறமும் எடுத்துட்டு வாங்க. பிள்ளைகளும் ஆடு மாடும் அந்தப் பக்கம் போகாம ரெண்டு பேர் முன்னால ஓடுங்க.

தூவுன அண்ணே... நீங்களும் எந்திரிச்சு வாங்க. எங்கெங்க தூவுனீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும்.